தருமபுரியிலிருந்து நேபாளம்: நாலு வாரம் ஆஸ்பத்திரி, ஒரு வாரம் மலை

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ். இறுதியாண்டுத் தேர்வு முடிந்து சிஆர்ஆர்ஐ (ஒரு வருஷக் கட்டாய இன்டர்ன்ஷிப்) சேர்வதற்குள் கிடைத்த இடைவெளியில் நானும் என் ரூம்மேட்டும் நேபாளம் போனோம். காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நாலு வாரம் பார்வையாளர்களாக இருந்தோம். அப்புறம் ஒரு வாரம் மலைப் பக்கம். திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் ஜூனியர்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், கிருஷ்ணகிரி கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆளாளுக்கு அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாய்ஸ் மெசேஜில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

அக்கா, எல்லாரும் லண்டன், அமெரிக்கான்னு போறாங்க. நீங்க ஏன் நேபாளம்?

காசு இல்லாததால். வேறு பெரிய காரணம் சொன்னால் பொய்.

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். விசா கட்டணம், வங்கிக் கணக்கில் இவ்வளவு பணம் காட்டு என்கிற தொல்லை, எதுவும் இல்லை. இங்கிலாந்துக்கு விசிட்டர் விசாவில் போய் மருத்துவமனையில் நின்று பார்க்கலாம்தான். ஆனால் சம்பளம் கிடையாது, நோயாளிக்கு வைத்தியம் பார்க்கவும் கூடாது. இரண்டு இடத்திலும் வேடிக்கைதான் என்றால் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகிற வேடிக்கை நேபாளம்.

இன்னொன்று, மெடிசின் டிபார்ட்மென்டில் எங்கள் சார் ஒருவர் சொன்னது: "நம்ம கேஸ் மாதிரியேதான் அங்கயும் வரும். ஆனா நம்மகிட்ட இருக்கிற சில விஷயம் அங்க இருக்காது. எதுன்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." என்னவென்று கேட்டேன். சொல்லவில்லை.

பிளாப் (இங்கிலாந்தில் டாக்டராகப் பதிவு செய்வதற்கான தேர்வு) எழுதப் போகிறவர்கள், அமெரிக்காவில் ரெசிடென்சி (மேற்பயிற்சி) பார்க்கிறவர்கள் நேபாளத்துக்குப் போவதால் அதற்குப் பயன் இல்லை. அமெரிக்கக்காரர்கள் அமெரிக்க மருத்துவமனை அனுபவத்தைத்தான் கேட்பார்கள். அவர்கள் அந்தக் காசை அங்கேயே போடட்டும்.

இது இன்டர்ன்ஷிப் கணக்கில் சேருமா? நீட் பிஜிக்கு மார்க் உண்டா?

சேராது. கிடையாது.

சிஆர்ஆர்ஐ நடுவில் போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வருஷத்தில் லீவு 15 நாள்தான். அதற்கு மேல் எடுத்தால் அத்தனை நாளும் பின்னால் ஈடு செய்ய வேண்டும்.

இடம் எப்படி வாங்கினீங்க?

மருத்துவமனையின் கல்விப் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல். பெரிய கற்பித்தல் மருத்துவமனைகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே விண்ணப்பமும் வாராந்திரக் கட்டணமும் இருக்கும். கேட்கிற காகிதங்கள்: டீனிடமிருந்து போனஃபைடும் தடையில்லாச் சான்றும், துறைத் தலைவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட் நகல், தடுப்பூசி விவரம், ஒரு பக்கத்துக்கு உங்களைப் பற்றி. டீன் ஆபீஸ் கிளார்க்கிடம் மாதத் தொடக்கத்தில் போகாதீர்கள். சம்பளப் பட்டியல் வேலையில் இருப்பார். உங்கள் காகிதம் அடியில் போய்விடும். குறைந்தது நாலு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது அடிபட்டபின்தான். முதலில் ஒரு ஏஜென்சிக்கு முன்பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். "நாலு வாரத்தில் தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம், சான்றிதழ் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் வண்ண வண்ணமாக அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்டால் "அங்கே போனதும் சொல்வோம்" என்றார்கள். பின்வாங்கினேன்; முன்பணம் போனது போனதுதான். எருமை விற்ற காசு என்று அப்பா இன்றுவரை ஞாபகப்படுத்துகிறார்.

நோயாளியைத் தொட விடுவாங்களா? ஏதாவது செய்யலாமா?

அந்த ஏஜென்சி விளம்பரத்தில் என்னைக் கடைசியாக உறுத்தியது பணமல்ல. தருமபுரி ஜிஎச்சில் நான் தனியாகப் பிரசவம் பார்க்க முடியாது, யாராவது கூட நிற்பார்கள். நேபாளத்தில் ஒரு அம்மாவிடம் மட்டும் அதை நான் எப்படிச் செய்யலாம்? அந்த அம்மாவுக்கு என் பாஷைகூடத் தெரியாது.

நான் போன இடத்தில் இது தெளிவாக இருந்தது. முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சில் பதிவு இல்லாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. நோயாளி சம்மதித்தால், யூனிட் டாக்டர் பக்கத்தில் இருந்தால், வரலாறு கேட்கலாம், வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம், ஸ்டெத் வைக்கலாம். ஊசி, தையல், மருந்துச் சீட்டு, எதுவும் கிடையாது. முதல் வாரம் கை அரித்தது. இரண்டாவது வாரத்திலிருந்து, கை சும்மா இருந்தால் கண் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்தது. நம் வார்டில் ரத்தம் எடுக்கவும் ரிப்போர்ட் வாங்கவும் ஓடுகிற ஓட்டத்தில் நோயாளியின் முகத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை.

போட்டோவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வார்டுக்குள் போன் எடுக்காதீர்கள். நோயாளி சிரித்துக்கொண்டு தலையாட்டினாலும் எடுக்காதீர்கள்.

இந்தி தெரியாதே, எப்படிச் சமாளிச்சீங்க?

எனக்கும் தெரியாது. தமிழ் உண்டு, பாலக்கோடு சந்தையில் பேசுகிற அளவுக்குத் தெலுங்கு உண்டு. ரூம்மேட் ஓசூர்க்காரி, அவளுக்குக் கன்னடமும் சேர்த்து மூன்று. அவ்வளவும் வீண்.

டாக்டர்கள் ரவுண்ட்ஸில் ஆங்கிலமும் நேபாளியும் கலந்து பேசுவார்கள். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளிகளிடம்தான் பாடு. போவதற்கு முன் ஓசூரில் மோமோ கடை வைத்திருக்கிற ஒரு நேபாளி அக்காவிடம் பத்து நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். "கஹாங் துக்ச?" என்றால் எங்கே வலிக்கிறது. "லாமோ சாஸ் பேர்னுஸ்" என்றால் மூச்சை நன்றாக இழுத்து விடுங்க. கோகி, இருமல். பேட், வயிறு. காய்ச்சலுக்கு ஜொரோ, நம் ஜுரம்தான், கொஞ்சம் குளிரில் நடுங்கிவிட்டது. மருந்துக்கு அவுசதி. ஔடதம் என்று பாட்டி சொல்லுவாளே, அதே.

உறவுமுறை ரொம்ப முக்கியம். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கொஞ்சம் பெரியவர் என்றால் தாய், அதாவது அண்ணன். பெண் என்றால் தீதி. வயதான அம்மாவை ஆமா என்பார்கள்.

இதில் ஒரு கூத்து. மூன்றாவது நாள் ரவுண்ட்ஸில் ரூம்மேட் என் காதில் "இது மைட்ரல் ஸ்டெனோசிஸ்தானே?" என்று கேட்க, நான் "ஆமா, ஆமா" என்றேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பாட்டி "ஹஜூர்?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். தன்னைக் கூப்பிட்டதாக நினைப்பு. மன்னிப்புக் கேட்க வார்த்தை தெரியாமல் கைகூப்பினேன். அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்வரை தினமும் என்னைப் பார்த்தால் "ஆமா, ஆமா" என்று சொல்லிச் சிரிப்பார்.

வார்டு எப்படி இருக்கும்? நம்ம ஜிஎச் மாதிரியா?

வாசனை முதற்கொண்டு அப்படியே. அதே பச்சைத் திரை, அதே இரும்புக் கட்டில், கட்டிலுக்கு அடியில் அதே பிளாஸ்டிக் வாளி. கூட இருக்கிறவர்களைக் குருவா என்கிறார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவர்கள்தான். விஷம் குடித்து வருகிறவர்கள், சர்க்கரை வியாதிக் கால்புண், சிரோசிஸ் வயிறு, காசநோய். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த வண்டிகளிலிருந்து நமக்கு வருவது போல அங்கே மலைச்சாலையில் உருண்டவர்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல்கூட உண்டு. அக்குளில் சிகரெட் சுட்ட மாதிரிக் கறுப்புப் புண்ணைத் தேடுகிற நம் பழக்கத்தைப் பார்த்து யூனிட் டாக்டருக்குச் சந்தோஷம்.

நம்மிடம் இருக்கிற, அங்கே இல்லாத விஷயம் என்று சார் எதைச் சொன்னாரோ, அது ஐந்தாவது நாள் எமர்ஜென்சியில் தெரிந்தது.

மலையிலிருந்து ஒருவர் தன் மனைவியை அழைத்து வந்திருந்தார். நிமோனியா, மூச்சு வாங்குகிறது. நர்ஸ் ஒரு சீட்டை எழுதி அந்த ஆளிடம் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். கேனுலா (ரத்தக்குழாயில் ஏற்றும் ஊசிக்குழாய்) இரண்டு, ஐவி செட் ஒன்று, நார்மல் சலைன் இரண்டு, கையுறை ஒரு ஜோடி, பிளாஸ்டர், ஆன்டிபயாட்டிக் ஊசி. அவர் அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை ஜன்னலுக்குப் போனார். விலையைக் கேட்டார். பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு சீட்டைக் காட்டி ஏதோ சொன்னார்; கடைக்காரர் ஒரு சலைன் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வாங்கியதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் ஓடி வந்தபிறகுதான் ஊசி ஏறியது. நர்ஸ் கெட்டவர் அல்ல. விடுபட்ட அந்த பாட்டிலை வேறு யாருக்கோ வாங்கி மிஞ்சியதிலிருந்து எடுத்து மாட்டியதும் அவர்தான்.

நேபாளத்தில் அரசு சுகாதாரக் காப்பீடு இருக்கிறது. ஆனால் குடும்பம் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டிச் சேர வேண்டும். சேராதவர்களுக்கும், சேர்ந்தும் அட்டையில் அடங்காதவற்றுக்கும் இந்தச் சீட்டுதான்.

நம் ஜிஎச்சில் கேனுலா கேட்டால் டிராயரைத் திறப்போம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். கம்யூனிட்டி மெடிசின் தேர்வில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். விற்பனைக்கல்ல என்று அச்சடித்த அந்த மாத்திரை அட்டையை எங்கள் ஊரில் "ஜிஎச் மாத்திரைதானே" என்று அலட்சியமாகச் சொல்வோம், நான் உட்பட. அந்த ஜன்னலருகே நின்றபோது அந்த ஐந்து மார்க் பதிலை முதல்முறையாக நான் படித்தேன்.

சார் கேட்டதும் இதைத்தான் சொன்னேன். "சரி, போய் டியூட்டி பாரு" என்றார்.

நம்ம ஊர்ல பார்க்காதது என்ன பாத்தீங்க?

கழுத்துக் கழலை. இப்போது குறைந்துவிட்டது என்றார்கள். ஆனால் வயதான மலைவாசிப் பெண்களில் கழுத்து நிறையத் தொங்குகிற மாதிரி இரண்டு பேரைப் பார்த்தேன். மழையும் பனியும் மலை மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. நம் ஊர்க் கதை இதற்குத் தலைகீழ். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பாறையிலிருந்து ஃப்ளோரைடு ஆழ்துளைக் கிணற்றில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் மஞ்சள் பட்டை, பிறகு எலும்பு இறுகி முதுகு வளையாமல் போவது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அங்கே இருந்த ஒரு ஜூனியர் டாக்டர் என் பல்லைப் பார்த்துவிட்டு "டெட்ராசைக்ளின் சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அந்த மருந்தும் பல்லில் கறை போடும். இல்லை, போர் தண்ணீர் குடித்தேன் என்றேன். அரைமணி நேரம் நான்தான் பாடம் எடுத்தேன்.

கர்ப்பப்பை இறக்கம் நிறைய. குழந்தை பெற்ற சில நாளிலேயே முதுகில் சுமை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறார்கள். புகை பிடிக்காத பெண்களுக்கு சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், காரணம் விறகடுப்பு. மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீப் புகை வேறு பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கிறது.

பாம்புக்கடி முக்கியமாகத் தெற்குச் சமவெளியில்தான். ஆனால் எமர்ஜென்சி பிரிட்ஜில் விஷமுறிவு மருந்து இருந்தது. குப்பியை வாங்கிப் பார்த்தேன், இந்தியத் தயாரிப்பு. இந்தியாவில் இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி நம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போவது. நம் மாவட்டத்திலும் இருளர்கள் இருக்கிறார்கள். ஜிஎச்சில் அவர்களை வரிசையில் பின்னால் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவக் குறிப்பும்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்கிற நாலுக்கும்தான் அந்த மருந்து. நேபாள மலைகளில் கடிக்கிற பச்சைக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது.

ஒரு நாள் அனுமதி வாங்கி தில்கங்கா கண் மருத்துவமனைக்குப் போனோம். 1994-ல் தொடங்கியது. டாக்டர் சந்துக் ருயித் தையலில்லாத சிறுகீறல் முறையில் கண்புரை அறுவையைப் பெரிய அளவில் கொண்டுபோன இடம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் அங்கேயே மலிவாகச் செய்கிறார்கள். நமக்கு மதுரை அரவிந்தும் ஆரோலேபும் எப்படியோ அப்படி. ஆபரேஷன் முடிந்தவர்கள் ஒரு கண்ணில் கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது நம் ஊர் இலவசக் கண் முகாம்தான் ஞாபகம் வந்தது.

தேதி குழப்பம்னு சொன்னீங்களே, என்ன அது?

அங்கே விக்கிரம் சம்வத் நாட்காட்டி. நம் ஆண்டைவிட ஏறத்தாழ 57 கூட. 2000-ல் பிறந்தவர் 2057 என்பார். முதல் நாள் கேஸ் ஷீட்டைப் பார்த்து, நோயாளி இன்னும் பிறக்கவே இல்லையே என்று முழித்தேன்.

நமக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அவர்களுடையதும் சூரிய மாதம்தான். அவர்களுடைய வைசாக் ஒன்று நம் சித்திரை ஒன்றை ஒட்டியே வரும். நம் தமிழ்த் தேதிக்கும் அவர்கள் தேதிக்கும் ஒரு நாள் இரண்டு நாள்தான் வித்தியாசம். பெயரில்தான் ஏமாறக் கூடாது. அவர்கள் கார்த்திக் என்றால் நமக்கு ஐப்பசி. போனில் தமிழ்க் காலண்டர் செயலி வைத்துக்கொண்டேன், ரூம்மேட் சிரித்தாள். நான்தான் முதலில் தேதி சொன்னேன்.

கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னால் வையுங்கள். நாங்கள் போனபோது வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறு என்று நினைத்துத் தூங்கிவிட்டு ஒருமுறை ரவுண்ட்ஸைக் கோட்டைவிட்டோம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை மதியம் 11.56-க்கு வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருந்ததால் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

எப்படிப் போறது? என்ன அடையாள அட்டை?

பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை நம்பி விமான நிலையம் போனால் திருப்பி அனுப்புவார்கள். மருத்துவமனைக்குப் பாஸ்போர்ட் எப்படியும் வேண்டும்.

போகும்போது ரயில். சேலம் வழியாகப் போகிற ராப்திசாகரில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, வளைவைத் தாண்டி நடந்தால் நேபாளம், பிறகு ராத்திரி பஸ். இடுப்பு கழன்றுவிடும். திரும்பும்போது டெல்லி வழியாக பெங்களூருக்கு விமானம்; அங்கிருந்து தருமபுரி பஸ் மூணு மணி நேரம்.

பணம்?

நம் 100 ரூபாய் அவர்களுடைய 160. இந்த விகிதம் 1993-லிருந்து மாறவே இல்லை. விலை கேட்டால் "ஐசியா, என்சியா" என்று திருப்பிக் கேளுங்கள். ஐசி நம் காசு, என்சி அவர்கள் காசு. கேட்காமல் ஐசி என்று நினைத்து ஒரு சால்வைக்கு ரூம்மேட் கூடுதலாகக் கொடுத்தாள். நிறையக் கடைகளில் க்யூஆர் ஒட்டி நம் யூபிஐ எடுக்கிறது, மலையில் ரொக்கம்தான்.

சாப்பாடு ஒத்துக்குமா?

நமக்கா? அங்கே களி இருக்கிறது! டிண்டோ என்கிறார்கள். கோதோ என்று அவர்கள் சொல்வது நம் கேழ்வரகேதான். கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டுக் கட்டையால் கிண்டுகிற கிண்டு, உருண்டையை மெல்லாமல் விழுங்குவது, எல்லாம் அதே. தொட்டுக்கொள்ள குண்ட்ருக், கீரையைப் புளிக்க வைத்து உலர்த்தி, அதில் வைக்கிற குழம்பு. முதல் வாய் புளிப்பில் முகம் சுளித்தேன், நாலாவது வாயில் இன்னொரு கரண்டி கேட்டேன். காத்மாண்டுவில் ஹோட்டல்காரர்கள் இதைப் பாரம்பரிய உணவு என்று தாமிரத் தட்டில் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். காரிமங்கலம் சந்தைக்கு வரும் யாரிடமாவது இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மற்றபடி பருப்பும் சோறும், காலை பத்து மணிக்கு ஒன்று, ராத்திரி ஒன்று. நடுவில் மோமோ. இட்லிக்கு ஏங்குவீர்கள், பொடியோடு போங்கள்.

பொண்ணைத் தனியா அனுப்பலாமாம்மா? (இது ஒரு ஜூனியரின் அம்மா)

தனியாக வேண்டாங்கம்மா, இரண்டு பேராக அனுப்புங்க. ஆணாக இருந்தாலும் அதையேதான் சொல்வேன். காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் தங்கினோம். இரவு ஏழு மணிக்கு மேல் வெளியே போகவில்லை. பஸ்ஸில் பெங்களூரில் படாத தொல்லை எதுவும் அங்கே புதிதாகப் படவில்லை. போன உடனே உள்ளூர் சிம் வாங்கித் தினமும் வீட்டுக்குப் பேசச் சொல்லுங்க.

ஊசி குத்திடுச்சுன்னா? வேற ஏதாவது ஆனா?

ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் போட்டு, ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துவிட்டுப் போங்கள். ஊசி குத்தினால் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. பயணக் காப்பீடு எடுங்கள், எவ்வளவு உயரம் வரை செல்லும் என்று பார்த்து எடுங்கள்.

எங்களுக்கு ஊசி குத்தவில்லை. குரங்கு பிறாண்டியது. சுயம்புநாத் படிக்கட்டில் ரூம்மேட் பையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கியபோது மணிக்கட்டில் கீறல், ரத்தம். ஒகேனக்கல் குரங்கையே பார்த்து வளர்ந்தவளுக்கு இப்படி. அங்கேயே குழாயில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினோம், கடிகாரம் பார்த்து. பிறகு தேக்குவிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனை. இரண்டாம் வருஷம் ஹாஸ்டல் நாய் கடித்து அவள் ஏற்கெனவே வெறிநாய்க்கடி ஊசி முழு கோர்ஸ் போட்டவள். அதனால் இரண்டு டோஸ் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அந்த நாய்க்கு நன்றி சொன்னாள். நீங்கள் நாயை எதிர்பார்க்காமல் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு போங்கள்.

சனிக்கிழமைகளில் எங்கெல்லாம் போனீங்க?

பாதன் தர்பார் சதுக்கம் நடந்து போகிற தூரம், அதனால் அங்கே அடிக்கடி. நிலநடுக்கத்தில் விழுந்து மறுபடி எழுப்பிய கோயில்களில் பழைய மரத்துண்டையும் புதியதையும் நிறத்தை வைத்தே பிரித்துச் சொல்லலாம். பௌத்தநாத் ஸ்தூபியை வலமாகத்தான் சுற்ற வேண்டும். காத்மாண்டுவிலிருந்து பனிமலை தெரியும் என்று போனால் மார்ச்சில் ஏமாற்றம்தான், புகைமூட்டம். மலை பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர்.

பசுபதிநாத்துக்குப் போனது ஒரு சனிக்கிழமை. மூலஸ்தானப் பூசை செய்கிற பட்டர்கள் தென்னிந்தியர்கள், கர்நாடகத்துக்காரர்கள். கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேச ரூம்மேட்டுக்கு ஆசை, கூட்டத்தில் முடியவில்லை. வெளியே வந்தால் பாக்மதிக் கரையில் சிதைகள். முந்தின நாள் எங்கள் வார்டில் இறந்த ஒருவரின் மகன் மொட்டைத் தலையும் வெள்ளை வேட்டியுமாகப் படியில் உட்கார்ந்திருந்தான். அவன் எங்களை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தான். அதற்குமேல் அன்று எங்கேயும் போகப் பிடிக்கவில்லை, அறைக்கு வந்துவிட்டோம்.

சித்திரை ஒன்றுக்குச் சில நாள் முன்னால் பக்தபூர் போனோம். அங்கேயும் அப்போதுதான் புத்தாண்டு, அதையொட்டி நடப்பது பிஸ்கேத் ஜாத்திரை. பைரவர் தேரை மேலத்தெருவும் கீழத்தெருவும் எதிரெதிரே வடம் பிடித்து இழுப்பார்கள், எந்தப் பக்கம் போகிறதோ அவர்களுக்கு வெற்றி. பெண்கள் வடம் பிடிக்கிற நம் குமாரசாமிப்பேட்டை தேரைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் தேருக்கடியில் சிக்குகிறவர்கள் வருஷாவருஷம் எமர்ஜென்சிக்கு வருவார்கள் என்று யூனிட் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சுவரோரமாக நின்றே பார்த்தேன்.

முக்திநாத் போனீங்களாமே? எங்க தாத்தா பாட்டியையும் கூட்டிப் போலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முக்திநாத் நம் 108 திவ்யதேசங்களில் ஒன்று, சாளக்கிராமம். அதனால் தமிழ்நாட்டிலிருந்து பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். உயரத்தை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. பொக்காரா சுமார் 820 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் ஜீப்பில் ஜோம்சோம், 2,700 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637தான். மறுநாள் காலை கோயில், 3,700 மீட்டருக்கும் மேல். 3,000 மீட்டருக்கு மேலே தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொது விதி. யாத்திரைக் குழுக்கள் இரவு ஜோம்சோமில் தூங்கிவிட்டுக் காலையில் மேலே போய் வந்துவிட்டால் பரவாயில்லை. மேலேயே தங்கினால்தான் சிக்கல்.

நாங்கள் முந்தின நாளிலிருந்தே மலைநோய் வராமல் இருக்க அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலை, ராத்திரி போட்டுக்கொண்டோம். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் வாயில் வைக்க முடியாது. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில் ஒரு லாட்ஜ் வாசலில் தமிழ்க் குரல் கேட்டது. சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு. எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி அங்கேயே தங்கியிருக்கிறார்கள். விடிந்ததிலிருந்து தலைவலி, இரண்டு தரம் வாந்தி. கூட வந்தவர்கள் பித்தம் என்று சொல்லி இஞ்சிக் கஷாயம் கொடுத்துவிட்டு, 108 தாரையில் நனைய வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். ஐஸ் தண்ணீர் அது.

"ஏம்மா, நீ டாக்டரா?" என்றார் பாட்டி.

"இன்னும் ரிசல்ட் வரல பாட்டி."

தரையில் இருந்த கல் இடுக்குக் கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே தள்ளாடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. மலைநோயில் தலைவலி ஒரு கட்டம். நடை தள்ளாடினால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது.

மருந்து கொடுக்க எனக்கு உரிமை இல்லை, கொடுக்கவும் இல்லை. கைடிடம் சத்தம் போட்டேன், அதற்கு உரிமை தேவையில்லை. "தரிசனம் முடிச்சுட்டு இறங்கலாமே" என்றார் குழுத் தலைவர். "இப்பவே" என்றேன். எனக்கே என் குரல் எங்கள் வார்டு சிஸ்டர் குரல் மாதிரிக் கேட்டது. பாட்டியையும் மகனையும் ஜீப்பில் ஏற்றினோம். ரூம்மேட் கூடப் போய் ஜோம்சோம் ஆஸ்பத்திரியில் விட்டாள். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். நான் தாரையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சாயங்காலம் பாட்டி கட்டிலில் உட்கார்ந்து டீ கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, "சேவிச்ச மாதிரிதான்" என்றார்.

ஆக, தாத்தா பாட்டியைக் கூட்டிப் போகலாம். இதயமும் நுரையீரலும் பரிசோதித்து, வழியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, மேலே இரவு தங்காமல். ஜோம்சோமில் பகலில் காற்று எழுந்தால் விமானம் பறக்காது. காலை விமானம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று திட்டத்தில் இடம் விடுங்கள்.

வரும்போது என்ன வாங்கிட்டு வந்தீங்க?

ஹாஸ்டலுக்கு லப்சி மிட்டாய், ஒரு வகைப் புளிப்புப் பழம், மிளகாய்ப்பொடி தூவியது. அம்மாவுக்கு சால்வை, இந்த முறை என்சியில். எங்கள் கம்யூனிட்டி மெடிசின் மேடத்துக்கு ஒரு கிலோ உப்பு. அயோடின் கலந்தது என்று எழுத்துத் தெரியாதவரும் அறியட்டும் என அந்த நாட்டில் பொட்டலத்தில் இரண்டு குழந்தைகள் படம் போட்டிருப்பார்கள். மேடம் அதைப் பிரிக்கவே இல்லை. டிபார்ட்மென்ட் மியூசியத்தில், ஃப்ளோரோசிஸ் பல் மாடலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.